தையலுக்கு விட்ட அரை அங்குலம்

புது அலுவலகத்தில் முதல் நாள் எங்களை வட்டமாக உட்காரவைத்து, பெயரையும் பொழுதுபோக்கையும் சொல்லச் சொன்னார்கள். பெயர் எல்லாரிடமும் இருந்தது. பொழுதுபோக்கு என்னைத் தவிர எல்லாரிடமும் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் குதிரையேற்றம் என்றான். எங்கள் வீட்டில் போக்குவதற்குப் பொழுது மிஞ்சியதில்லை. படித்தேன், மீதி நேரத்தில் அம்மா தைத்த சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தேன். அதைச் சொன்னால் "எவ்ளோ ஸ்வீட்" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார என்னால் முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உகுலேலே."

அன்று காலை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் போனில் பார்த்தது. நான்கு கம்பி, கைக்குழந்தை அளவு. அதற்குமேல் எதுவும் தெரியாது.

"அப்ப மாசக் கடைசி கெட்-டுகெதர்ல நீதான் வாசிக்கிறே" என்றார் டீம் லீட் மேடம். பக்கத்து நாற்காலிக் குதிரை என் பக்கம் திரும்பிச் சிரித்தான். பொய் என்று கண்டுபிடித்துவிட்டான். வாசிக்காவிட்டால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும்: இவளுக்கு மார்க் ஷீட்டைத் தவிர சொந்தமாக ஒன்றுமில்லை.

முழு உகுலேலேயைவிட, பாகம் பாகமாக வாங்கி நாமே ஒட்டிக்கொள்வது மலிவு. பெட்டியைத் திறந்ததும் அறுத்த மரத்தின் வாசனை. எட்டு வடிவத்தில் ஒரு வெற்றுடம்பு, உலோகக் கோடுகள் பதித்த கழுத்து, கம்பியை முறுக்கும் ஆணிகள், உப்புத்தாள், பசை, கம்பிகளை இழுத்துப் பிடிக்க ஒரு சின்னக் கட்டை. இணையத்தில் தேடினேன். அந்தக் கட்டைக்குத் தமிழில் குதிரை என்று பெயராம். குதிரையை ஏற்றினால்தான் வாத்தியமாம். ஆபீஸ் போதாதென்று வீட்டிலும் ஒரு குதிரை.

"என்னடி இது?" என்றாள் அம்மா, மெஷினிலிருந்தபடியே.

"வாசிக்கிறது."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மாவா?" அம்மா அந்தச் சொல்லை எடைபோட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டில் அது வசவுச் சொல். சும்மாதானே இருக்கே, வந்து இதைப் பிடி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கழுத்தை ஒட்டினேன். இறுக்கிப் பிடிக்கக் கருவி கிடையாது. பாவாடை இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். காயும்வரை கை வைக்கக்கூடாது. பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். வெயில் ஜன்னல் வழியே நீளமாக விழுந்திருந்தது. அதில் நூல் தூசியும் மரத்தூளும் ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன. அம்மா மெஷினை மிதித்தாள். மரத்தில் காதை வைத்தேன். கம்பியே இல்லாத அந்த வெற்று வயிற்றுக்குள் மெஷின் சத்தம் போய்ச் சுற்றிச் சுற்றி, எங்கோ தூரத்துக் கடலில் பெய்யும் மழைபோல் வெளியே வந்தது. கண் சொருகியது. நான் அந்தப் பெட்டிக்குள் படுத்திருந்தேன். தலைக்குமேல் ஒரு வட்ட ஜன்னல். வெளிச்சம் தேன்போல் மெல்ல இறங்கியது. யாரும் கூப்பிடவில்லை. எதையும் பிடிக்கச் சொல்லவில்லை. எழுந்தபோது கன்னத்தில் எலாஸ்டிக்கின் தடம் இருந்தது.

அடுத்தது குதிரை, கழுத்தின் உச்சியிலிருந்து அளந்து ஒட்ட வேண்டியது. அம்மாவின் டேப்பையும் சாக்பீஸையும் கேட்டேன். என்னை நம்பிச் சாக்பீஸைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "நீ அளவைச் சொல்லு, நான் போடறேன்" என்றாள். எனக்கு எண்ணத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வழக்கம் அதுதான். நான் அளவைப் படிப்பேன், அவள் கோடு போடுவாள்.

"பதிமூணேமுக்கால்."

போட்டாள். கோட்டின்மேல் குதிரையை வைத்து ஒட்டினேன்.

கம்பிகளைக் கட்டி, சுதி காட்டும் செயலியைத் திறந்தேன். விரல் வைக்காமல் சும்மா மீட்டினால் நான்கும் சரி. நடுவில் அழுத்தினால் சுதி இறங்கி, திரையின் முள் இடப்பக்கம் சாய்ந்தது. குதிரையை நெருங்க நெருங்க இன்னும் சாய்ந்தது. டேப்பை வைத்துப் பார்த்தேன். பதினாலேகால்.

"அம்மா, எத்தனைல கோடு போட்டே?"

"நீ சொன்னதுலதான்."

"அரை இஞ்சு கூட இருக்கே."

"அது தையலுக்கு விட்டது" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மரத்துக்கு எங்கம்மா தையல்?"

மெஷின் நின்றது. அம்மா டேப்பைப் பார்த்தாள். பிறகு தன் கையை யாருடையதோ போலப் பார்த்தாள். "கை தானா போட்டிருச்சுடி."

கத்திமுனையால் குதிரையை நெம்பினேன். மேல்பலகை சிராய்போல் கூடவே கிளம்பியது. விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாதா அந்தக் கையை? என் பள்ளிச் சீருடை எதுவும் எனக்குச் சரியாக இருந்ததில்லை. எல்லாம் அடுத்த வருடத்து எனக்காகத் தைத்தவை. ஒவ்வொரு வருடமும் உள்மடிப்பைப் பிரித்து விட்டால், பழைய மடிப்பின் கோடு முழங்காலில் தெரியும். பட்டமளிப்பு அங்கி ஒன்றுதான் வாடகைக்கு வந்தது. அதையும் அம்மா உள்பக்கம் புரட்டி, எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

"எல்லாத்தையும் நாளைக்குத்தான் தச்சே. இது ஒண்ணாவது இன்னைக்குச் சரியா இருக்கக் கூடாதா?"

"நீ நிக்காம வளர்ந்தே. துணி வளருமா? நான் என்ன பண்ண?"

மடியில் கிடந்ததைக் கோபத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். நான்கு கம்பியும் சேர்ந்து அதிர்ந்தன. சத்தம் மெல்லக் கரைந்து சுவர், துணிக்குவியல், நூல்கண்டு எல்லாவற்றின்மேலும் படிந்தது. தலைப்பக்கத்துக் கோடு ஒன்றில் விரலை வைத்து மறுபடி தட்டினேன். அங்கே முள் கொஞ்சம்தான் விலகியது. அந்த விலகலில் ஒலி தண்ணீரில் விழுந்த விளக்கொளிபோல் நடுங்கியது.

"இன்னொரு தடவை" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

அவள் மெஷினின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "சும்மா."

சாயங்காலம்வரை தட்டிக்கொண்டிருந்தேன். அவள் மெஷினை மிதிக்கவே இல்லை.

மாதக் கடைசியில் கூட்ட அறையின் மேசைகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். தலைப்பக்கத்து முதல் மூன்று கோட்டைத் தாண்டாமல் வாசித்தேன். மேலே போனால் மானம் போகும். விளக்கைக் குறைத்திருந்ததால் எல்லாரும் நீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள்.

முடிந்ததும் குதிரை எழுந்து வந்தான். "சுதி லேசா விலகுதே. எத்தனை வருஷமா வாசிக்கறே?"

"இந்த மாசம்தான். அன்னைக்குச் சொன்னது பொய். இதை நானும் எங்கம்மாவும் செஞ்சோம். அவங்க டெய்லர்."

அவன் சிரிக்கவில்லை. உகுலேலேயின் குதிரையை விரலால் தொட்டுப் பார்த்தான். "இது தள்ளி இருக்கோ?"

"தையலுக்கு விட்டிருக்கு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கவும் தோன்றவில்லை. விரலை நான்காவது கோட்டுக்கு நகர்த்தி, எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்தேன்.