பனிக்கட்டியில் வைத்த குழாய்

இத்தாலியில் எரிமலைமேல் இருக்கும் எங்கள் ஊர் பொட்சுவோலியில் தரை ஆடுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முதலே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் தற்காலிகமாக ஆராய்ச்சி செய்யும் ருஜ்ஜேரோவுக்கு வியாழக்கிழமை நேர்காணல். தேறினால் அங்கேயே நிரந்தர வேலை. அவன் கையில் இருந்தது ஒரே கண்டுபிடிப்பு: பக்கத்தில் பிஷரெல்லியின் கொதிசேற்றில் வாழும் நுண்ணுயிரின் புரதம் ஒன்று, எண்பது டிகிரி சூட்டிலும் ஏடிபியைப் பற்றி உடைக்கிறது. உயிரணுக்களுக்கெல்லாம் எரிபொருள் அந்த ஏடிபிதான். அது உடைந்திருந்தால், நாங்கள் கடைசியில் ஊற்றும் மஞ்சள் கரைசல் பச்சையாகும்.

சோதனைக் குழாய்களை அடுக்குவது என் வேலை. இருபது வருஷம் சாதாரணப் புரதங்களோடு மாரடித்தவள் நான். சூடு பட்டால் கெட்டுவிடுமே என்று எதையும் பனிக்கட்டியில் செருகிவிடுவது கைப்பழக்கம். புரதம் உள்ள குழாய் அரைமணி நேரம் வெந்நீரில் இருக்கும். ஏடிபி மட்டும் இருந்து புரதமே இல்லாத ஒப்பீட்டுக் குழாயும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக அதைப் பனிக்கட்டியில் வைத்திருக்கிறேன். வெறும் சூடே ஏடிபியை உடைக்குமே என்பது ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் பொரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தி கெட்டவள்.

செவ்வாய் காலை அவனுக்குத் தெரியாமல் ஒப்பீட்டுக் குழாயை வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். பச்சை. புரதம் உள்ளதைப் போலவே கரும்பச்சை. அப்படியானால் ஏடிபியை உடைத்தது சூடுதான், அவன் புரதமல்ல. அந்நேரம் பார்த்துக் கட்டடம் குலுங்கியது. குழாயோடு முற்றத்துக்கு ஓடினேன்.

அங்கே ருஜ்ஜேரோ, பூமியே தனக்கு முன்கூட்டி வாழ்த்துச் சொல்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தான். தாங்க முடியவில்லை. தனியே அழைத்துப்போய்க் குழாயைக் காட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

அவன் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏப்ரல்லயே எனக்குத் தெரியும்க்கா. வியாழக்கிழமை முடியட்டும்னு இருந்தேன். நீங்களும் ரெண்டு நாள் பொறுத்துக்குங்க."

இவனுக்காகத்தான் நான் இரண்டு நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே என்னை அதைப் பனிக்கட்டியில வைக்க விட்டியாடா?"



ஆட்டம் நின்று, உள்ளே போகலாம் என்று காவலாளி சொன்னதும் நேரே ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்தேன். புரதமில்லாத குழாய், எண்பது டிகிரி, அரைமணி, பச்சை. மையால் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவன் என் பேனாவைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றான்.

"வியாழக்கிழமை நான் என்னத்தக்கா காட்டுவேன்?"

ஏட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"இதக் காட்டு."