டீச்சர் வீட்டுத் தெருவில் காற்று

விளையாட்டு டீச்சரின் மூச்சு தளரத் தொடங்கிய வருடம், அவர் குடியிருந்த தெருவில் காற்று நின்றுபோனது. அடுத்த தெருவில் மரங்கள் ஆடின. இங்கே கொடியில் போட்ட துணி சுவரில் மாட்டிய படம்போலத் தொங்கியது. வானிலை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பார்த்துவிட்டு, "ஆமா, இல்லதான்" என்று சொல்லிப் போனார். தெருக்காரர்கள் மின்விசிறி வாங்கிக்கொண்டார்கள்.

டீச்சருக்கு வந்தது ஏ.எல்.எஸ். என்ற நோய். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுவிடும். கை போனது, கால் போனது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் ஓடும் பிள்ளையை விசில் இல்லாமலே நிறுத்திய குரல் அவருடையது. பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலேயே "ஏங்க!" என்பார். வீட்டு முன்னறையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு டீக்குத் தண்ணீர் வைப்பார். இப்போது அந்த "ஏங்க" பக்கத்து அறைக்குக்கூட வந்து சேரவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. தினமும் தலைவலியோடு விழித்தார். மூச்சுக்குத் துணையாக ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர்.

இயந்திரங்களைக் காட்ட வந்த பெண் இரண்டு பெட்டிகளைக் கூடத்து மேசைமேல் வைத்தாள். சிறியது சத்தம் போடாது, ஆனால் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பெரியது கனம், பேட்டரி உண்டு, பின்னால் பகலிலும் தேவைப்பட்டால் தாங்கும். முதலில் சிறியதை மாட்டிப் பார்த்தார்கள். டீச்சரின் நெஞ்சு எழுந்தபோது தெருவில் இருந்த காற்றெல்லாம் அவர் வீட்டை நோக்கி வந்தது. தாழ்ந்தபோது திரும்பிப் போனது. அழுத்தம் கொஞ்சம் கூடிவிட்டதால் சலவைக் கடைக்காரரின் சட்டைகள் தெருமுனைவரை பறந்து, அடுத்த மூச்சில் கடைக்கே வந்துவிட்டன. அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அழுத்தத்தைக் குறைத்தாள். வாசலில் கூட்டம் கூடியது. பெரிய பெட்டிதான் நல்லது, துணி சீக்கிரம் காயும் என்றார் சலவைக் கடைக்காரர்.

"என் மூக்குக்குப் பாக்கறோமா, இவர் துணிக்குப் பாக்கறோமா?" என்றார் டீச்சர்.

இருந்தாலும் கணவரும் பெரிய பெட்டியைத்தான் விரும்பினார்; அதில் நிறைய வருடங்கள் இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. வாயையும் சேர்த்து மூடும் முகமூடியைக் கையில் எடுத்தார். டீச்சர் தலையசைத்து மறுத்தார். மூக்கை மட்டும் மூடுவதைக் கண்ணால் காட்டினார்.

"இதுல காத்து கசியும்னு சொல்றாங்களே" என்றார் கணவர்.

"கசியட்டும். வாயை மூடிட்டா உங்களை யாரு திட்டறது?"

பெரிய பெட்டி, மூக்கை மட்டும் மூடும் முகமூடி என்று முடிவானது. அதன்பின் அந்தத் தெருவில் காற்று வந்து வந்து போயிற்று. தெருக்காரர்கள் துணிக்கு இரண்டு பக்கமும் கிளிப் போட்டார்கள். பூப்பந்து ஆடும் பிள்ளைகள், காற்று வெளியே போகும் நேரம் பார்த்து அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். டீச்சர் சிரித்தால் எல்லார் வீட்டுக் கதவும் படபடவென்று அடித்துக்கொள்ளும். யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

சில வருடங்களில் குரலும் போயிற்று. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் இன்னும் பல காலம் இருக்கலாம் என்றார் மருத்துவர். கணவர், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைக் கடையிலிருந்து கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தார். அவர் குச்சியால் எழுத்து எழுத்தாகத் தொடுவார். வேண்டிய எழுத்து வந்ததும் டீச்சர் கண்ணை மூடுவார்.

"வெச்சுக்கலாம், டீச்சர். நீ பேசவே வேணாம். சும்மா இரு, போதும்" என்றார். கல்யாணத்துக்கு முன்பு கண்ணாடி வாங்க வந்தவரை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியேதான் கடைசிவரை கூப்பிட்டார்.

பதில் வர மாலை ஆகிவிட்டது. மூச்சு மூக்கு வழியா வர்ற வரைக்கும் போதுங்க.

அவர் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை, முகத்தைக் கழுவிவிட்டு வந்து, பலகையை மறுபடி நேராக வைத்தார். "சரி" என்றார். டீச்சரின் கண்கள் எழுத்துகளைத் தேடின. குச்சி நகர்ந்தது. ஏ. ங். க.

"என்ன, சொல்லு."

கண்கள் மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கூப்பிட மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்.

மழை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், தூக்கத்திலேயே டீச்சர் இறந்தார். பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக அதே பெண் வந்தாள். இயந்திரத்தை நிறுத்தினாள். திரைச்சீலை வெளியே போயிற்று, உள்ளே வந்தது. சுவிட்சை இன்னொரு தடவை பார்த்தாள். பெட்டியைப் பையில் போட்டு வண்டியில் ஏற்றிய பிறகும் தெருவில் காற்று அதே நிதானத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது.

"சார், ஆபீஸ்ல கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

பல வருடம் கழித்து, வேறு ஊரில் தன் மகனோடு இருந்த, கணவரின் தங்கை அவரைப் பார்க்க வந்தாள். தனியாக என்ன செய்கிறீர்கள், எங்களோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் வாசலில் நாற்காலி போட்டு, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஊர்ல காத்து ஒரே பக்கமா அடிக்கும்மா. எனக்கு ஒத்துக்காது."

தங்கைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முன்னும் பின்னும் பறந்த தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, டீயைக் குடித்து முடித்தாள்.