பன்றிமுகம் சொன்ன சாட்சி

"போன வருஷம் நான் குடுத்ததுக்கு ஒரு முழம் குறையுதே!" கொடியால் கிழங்கை அளந்த வாலெமோய் கூவினான். "கிழங்குத் தலையில பின்னி வெச்ச முகம் மட்டும் ஜோரா இருக்கு. கிழங்குக்கு முகம் செஞ்சீங்களா, முகத்துக்குக் கிழங்கு தோண்டினீங்களா?"

மைதானமே சிரித்தது.

அந்த வள்ளிக்கிழங்கை வளர்த்தவன் நேபியாவின் புருஷன் குலெந்து. அவனும் வாலெமோயும் வருஷந்தோறும் ஒருத்தனுக்கு ஒருத்தன் பெரிய கிழங்காகக் கொடுத்து மூக்கறுக்கிற ஜோடி.

வாலெமோய் விடவில்லை. "குலெந்துவைக் குத்தம் சொல்ல மாட்டேன். நட்டதுலேருந்து தோண்டுற வரைக்கும் பொம்பளை பக்கம் போகக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியாதா? வீட்டுக்காரிதான் பொறுக்க மாட்டாம பாய்க்கு வந்திருப்பா. கிழங்கு சுருங்கிப்போச்சு."

நேபியாவுக்குக் காது கொதித்தது. நட்ட நாளிலிருந்து அண்ணன் ஊரில் பன்றி மேய்த்துக் கிடந்தவள் அவள். அவள் பாய்க்குப் போகவில்லை. அவன் யாரிடம் போனானோ, அவனுக்குத்தான் வெளிச்சம்.

"எங்கே உன் தம்பி?" என்றான் வாலெமோய்.

"வெத்தலை பறிக்கப் போயிருக்கான்" என்றான் குலெந்துவின் அண்ணன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் பன்றிமுகம் வந்தது. பிரம்பில் பின்னிச் செம்மண் பூசிய பெருந்தலை, கழுத்துக்குக் கீழே பாதம் மறைய ஓலைநாரும் பச்சைத்தழையும். கம்பை ஓங்கிக்கொண்டு பெண்களை விரட்டியது. அந்த நடை யாருடையது என்று அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். சொல்லத்தான் கூடாது. பெண்களுக்கு அது ஆவி. உள்ளே ஆள் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னால் குடும்பமே நாசம்.

எல்லாரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். நேபியா ஓடவில்லை.

"அண்ணி, வாங்க!" நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுடி. ஐயா பன்றிமுகமே! நீ மனுஷன் இல்லை, பொய் சொல்லத் தெரியாது. காட்டுல நடக்கிறது எல்லாம் உனக்குத் தெரியும். இந்தத் தோட்டக்காரனோட பாய்க்கு நான் வந்திருந்தா, இந்த ஜனங்க முன்னாடி என்னை அடி. ம், அடி!"

கம்பு மேலேயே நின்றது. தழைகள் மட்டும் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கின.

"என்ன யோசனை? அடிக்கத்தானே வந்தே?"

கம்பு மெல்லத் தாழ்ந்தது. பன்றிமுகம் திரும்பி, ஆண்கள் மட்டும் நுழைகிற ஆவிவீட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது.

"அப்போ வந்தது யாரு?" என்று இழுத்தான் வாலெமோய்.

"தோண்டினவனைக் கேளு. என் பேரை இழுத்தா நாக்கு அழுகிடும்."

கொஞ்ச நேரத்தில் குலெந்து வெற்றிலைக் கட்டோடு வந்தான். கழுத்து வியர்வை காயவில்லை.

"என்ன கூட்டம்? நான் இல்லாதப்போ என்ன நடந்துச்சு?"

"பன்றிமுகம் வந்துச்சு" என்றாள் நேபியா.

"ஓ. என்ன செஞ்சுது?"

"அடிக்காம போச்சு. கட்டினவன் காட்டுல வெத்தலை பறிச்சிக்கிட்டு இருந்தான், அதுக்காவது என் பக்கம் நியாயம்னு தோணுச்சு."

"அதான் முடிஞ்சுதே. விடேன்."

"முடிஞ்சுதா? அதுக்குப் பேச வாய் இல்லை. உனக்கு இருக்கு. போ, அதே இடத்துல நின்னு வாலெமோய்கிட்ட சொல்லு, தப்பு யாரோடதுன்னு."

குலெந்து ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டான். சுண்ணாம்புக் குடுவையைத் தேடினான்.

"மெல்லு" என்றாள். "நல்லா மெல்லு." முதுகில் தொங்கும் நூல்பையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு அண்ணன் ஊர்ப் பாதையில் நடந்தாள்.