கடலுக்குள் போன வார்டு

"அப்பா, நம்ம வீடு ஏன் கடலுக்குள்ள இருக்கு?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். நகராட்சி வரைபடத்தைக் கணினியின் உலக உருண்டையில் தெரியும்படி மாற்றியபோது, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டிருந்தேன். கோப்பு முந்தின நாளே அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. ஆண்டவனே என்று ஓடினேன்.

"உட்காருங்கண்ணா. மீன் பிடிக்கப் போன வார்டைக் காலையிலேயே கரையேத்திட்டேன்," என்று சிரித்தாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. மேலதிகாரியிடம் அவள் மூச்சுவிடவில்லை.

இப்போது, அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதா என்று அடுத்த வாரம் முடிவு செய்யப் போகிறார்கள். இன்று விடுப்பில் இருக்கிறாள். மதியம் அனுப்ப வேண்டிய அவளுடைய வெள்ள நிவாரண வரைபடத்தைத் திறந்தேன். பழைய நில அளவை முறையிலிருந்து இன்றைய முறைக்கு அவள் மாற்றாமல் விட்டதால், கரையோர வீடுகளெல்லாம் ஆற்றுக்குள் கிடந்தன. எல்லோரும் சாப்பிடப் போனதும் சரிசெய்து, அவள் பெயரிலேயே அனுப்பிவிட்டு, என் சாப்பாட்டுப் பையை எடுத்தேன்.