விற்பனையாளரைக் கண்டறிய இயலவில்லை

அலுவலகத்தில் அவருக்கு ஜீரோ சார் என்று பெயர். பரீட்சையில் வாங்கிய மார்க்கு அல்ல. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவருடைய நிலுவைப் பட்டியலில் ஒரு புகார்கூட மிஞ்சாது என்பதால் வந்த பெயர். நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் வெளிநாட்டுப் புகார்ப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான் ஆள். மேலதிகாரி அம்மா கூட்டத்துக்குக் கூட்டம் அவரை உதாரணம் காட்டுவார். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது, 'உங்கள் நாட்டுக் கடையில் இணையம் வழியாக வாங்கினேன், ஏமாந்தேன்' என்று எழுதுவார்கள். இவர் விற்றவனுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுவார். பதில் வராது. எந்தத் திருடன் பதில் போடுவான்? வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாப் புகார்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, தயாராக வைத்திருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டுவார்: 'விற்பனையாளரைக் கண்டறிய இயலவில்லை.' அப்புறம் தேநீர். கடல் தாண்டி இருக்கிறவர்கள் நேரில் வந்து சட்டையைப் பிடிக்கவா போகிறார்கள்?

இந்த மாதம் புது மென்பொருள் வந்தது. ஆறு நாட்டு அலுவலகங்கள் சேர்ந்து போட்டது. பழைய புகார்களை மொழிபெயர்க்கும், புகைப்படத்தில் இருக்கும் பொடி எழுத்தையும் படிக்கும், ஒரே ஆள்மீது வந்தவற்றை ஒன்றாகக் கோத்துக் கொடுக்கும். செவ்வாய் காலை ஜீரோ சார் அதைத் திறந்தபோது முதல் வரியிலேயே பதினொரு புகார்கள் கோத்துக் கிடந்தன. நான்கு நாடுகள், ஐந்து கடைப்பெயர்கள், ஒரே வெந்நீர்ப் பை. மூடி கழன்று கொதிநீர் கொட்டுகிறது. முதல் புகாரோடு வந்த பார்சல் படத்தின் ஓரத்திலிருந்து அனுப்பியவர் முகவரியையும் அது எடுத்துப் போட்டிருந்தது.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். இருபது வருடமாகத் தன் கடிதங்களின் தலையில் அவர் அடிக்கிற அதே தெரு, அதே கதவு எண். இவர் முதல் மாடி, அது தரைத்தளம். நடுவில் இருபத்திரண்டு படிகள்.

தரைத்தளத்தில் இருப்பவர் வணக்கம் அண்ணன். காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கட்டடத்துக்குள் வருகிற அத்தனை பேருக்கும் வணக்கம் வைப்பார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒட்டுநாடாவைக் கரகரவென்று இழுத்துக்கொண்டிருப்பார். என்ன வியாபாரம் என்று ஜீரோ சார் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம், "பெட்டி கனமா இருக்கே, ஒரு கை புடிக்கட்டுமா?" என்றுதான். பிடிக்கவும் செய்தார். அந்த நன்றிக்குப் போன மழைக்காலத்தில் ஒரு வெந்நீர்ப் பை வந்தது. "வீட்ல மேடமுக்கு முழங்கால் வலின்னீங்களே சார், ஒத்தடம் குடுங்க."

ஜீரோ சாரின் கை தானாகவே போனில் வீட்டு எண்ணை அழுத்தியது.

"அந்த வெந்நீர்ப் பையைத் தொடாதே. குப்பையில போடு, இப்பவே."

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள் மனைவி.

போனை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சுரீர் என்றது. தன் வீட்டுக்குச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் புகார் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் புகாரை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் படித்தார். நான்கு வயது மகள், வலது தொடை முழுக்கக் கொப்புளம். அவளுடைய அம்மா மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்றாவதில், 'எனக்குப் பணம் வேண்டாம், இன்னொரு பிள்ளைக்கு இது நடக்காமல் பாருங்கள்' என்றிருந்தது. மூன்றுக்குக் கீழேயும் அவருடைய அதே வாக்கியம். மூன்றும் வெள்ளிக்கிழமை, மூன்று மணி. அதற்குப் பிறகு வந்த பத்துப் புகார்களில் இரண்டு குழந்தைகளைப் பற்றியவை. பார்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பொடி எழுத்துதான், ஆனால் கண்ணுள்ள எவனும் படித்துவிடலாம். ஜீரோ என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது.

மேலதிகாரி அம்மாவிடம் போய்ச் சொன்னார்; மதியமே கடைக்குச் சீல் வைத்தார்கள். வணக்கம் அண்ணன் அப்போதும் கும்பிட்டார். "சார், மேலதானே இருந்தீங்க? தப்புன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" ஐந்து பெயரில் கடை நடத்திய எத்தன் அவர். இருந்தாலும் ஜீரோ சாருக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

புது ஏற்பாட்டில் ஒரு விதி. புகாரை மூடியவரே புகார் தந்தவரிடம் திரையில் பேசி முடிவைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை அந்தத் தாயோடு பேச்சு.

"பழைய சிஸ்டம் போட்டோவைப் படிக்காதுன்னு சொல்லிடுங்க," என்றார் மேலதிகாரி அம்மா. "அது பொய்யும் இல்லையே. யார் துருவப் போறாங்க? இல்லைன்னா உங்க வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் தோண்டுவாங்க. ரிட்டயர்மெண்டுக்கு எத்தனை மாசம் இருக்கு உங்களுக்கு?"

"ஏழு மாசம் மேடம்."

"அப்புறம் என்ன?"

சரி என்றுதான் போய் உட்கார்ந்தார்.

திரையில் ஒரு சமையலறை. பின்னால் மேசையில் ஒரு சிறுமி எதையோ வரைந்துகொண்டிருந்தாள். தாய் பேசப் பேச, இரண்டு நொடி தாமதமாக இயந்திரக் குரல் செய்தி வாசிப்பது போல மொழிபெயர்த்தது.

"எங்கோ இருக்கும் ஒருத்தி எழுதியதை விடாமல் வைத்துத் தேடியிருக்கிறீர்கள். இங்கே யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். அவன் எங்கே இருந்தான்? மிகவும் தூரம் அலைந்தீர்களா?"

மேலதிகாரி அம்மா கேமராவுக்கு வெளியே நின்று, சொல்லுங்கள் என்று தலையசைத்தார். பழைய சிஸ்டம் என்ற சொல் தொண்டைவரை வந்தது. பின்னால் அந்தச் சிறுமி தொடையைச் சொறிந்துகொண்டு மறுபடி வரைய ஆரம்பித்தாள்.

"இருபத்திரண்டு படிம்மா," என்றார் ஜீரோ சார். "எங்க ஆபீஸுக்குக் கீழதான் இருந்தான். தினமும் வணக்கம் சொல்வான், நானும் சொல்வேன். உங்க போட்டோவுலயே முகவரி இருந்துச்சு. நான் பார்க்கல. மூணு தடவையும் படிக்காமலே மூடிட்டேன்."

இயந்திரம் தன் இரண்டு நொடியை எடுத்துக்கொண்டது. அதுவரை அவள் நன்றியோடு சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் குரல் அவளுடைய மொழியில் பேசத் தொடங்கியது.