அழைப்பு வராத பாட்டுப்பெட்டி

அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. தினமும் எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் கதறலைக் கேட்டபடி, "எங்க இருக்கீங்க? மூச்சு இருக்கா? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்கிறாள். அவள் குரல் நடுங்கி யாரும் கேட்டதில்லை. நடுக்கமெல்லாம் வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான். கைபேசி ஒரு முறை சிணுங்கினால் போதும், தூக்கிவாரிப் போடும்.

தம்பிக்கு வலிப்பு நோய். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு மூன்றாவது மாடியில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். இருபத்தேழு வயது, ஆறடி உயரம். ஆனாலும் அவளுக்கு அவன் 'சின்னவன்'தான். படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரிகளைத் தட்டச்சு செய்யும் வேலையை வீட்டிலிருந்தே பார்த்து வந்தான். கடைசியாக வலிப்பு வந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பதினான்கு மாதமும் கைபேசி இல்லாமல் அவள் குளிக்கக்கூடப் போனதில்லை.

வேலை இடத்தில் நடந்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. முப்பத்தி நாலு வயதுக்கு இது ரொம்ப அதிகம், மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், தினமும் அரை மணி நேரம் ஓடுங்கள் என்றார் டாக்டர். ஓடிப் பார்த்தாள். கையில் கைபேசி, அதில் பாட்டு. இரண்டாவது பாட்டுக்குள் ஒரு 'டிங்'. நின்று பார்த்தால் ஏதோ விளம்பரம். மறுபடி ஓட்டம், மறுபடி 'டிங்'. வீடு திரும்பியபோது ஓடப்போகும் முன் இருந்ததைவிட நெஞ்சு அதிகமாகப் படபடத்தது.

"நீ ஓடலக்கா. போனைத் தூக்கிட்டுப் போய் ஊர்சுத்திக் காட்டிட்டு வர்ற," என்றான் சின்னவன். "பாட்டு மட்டும் பாடுற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கு. போனை வீட்டுல வச்சிட்டுப் போ."

"அரை மணி நேரமா? விளையாடுறியா?"

"அரை மணி நேரத்துல நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"வாயைக் கழுவு."

அந்தப் பேச்சு ஒரு வாரம் நடந்தது. கடைசியில் அவனே அவளைக் கடைக்கு இழுத்துப் போனான்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து வைத்தார். "பாட்டும் கேட்கலாம், போன் வந்தா கையிலயே காட்டும் மேடம்."

"போன் வரக்கூடாதுங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கட்டைவிரல் அளவில் திரையே இல்லாத ஒன்றை எடுத்தார். இருப்பதிலேயே விலை குறைவு. ஆனால் ஒரே ஒரு பொத்தான்தான். இரண்டு தடவை அழுத்தினால் அடுத்த பாட்டு, மூன்று தடவை அழுத்தினால் முந்தின பாட்டு. "மூச்சு வாங்கிட்டு ஓடும்போது இதை எண்ணிட்டிருக்க முடியாது," என்று நகர்த்தி வைத்தாள். அடுத்தது பளபளவென்று தொடுதிரையோடு இருந்தது. சின்னவன் விரலை எச்சிலில் நனைத்துத் திரையைத் தடவினான். அது தறிகெட்டு எங்கெங்கோ ஓடியது. "வியர்வை பட்டா இப்படித்தான் ஆகும்," என்றான். கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. "எச்சிலைத் தொடச்சிடுங்க சார்."

நாலாவது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறியது. பின்புறம் கிளிப், முன்புறம் மேடாக நாலு பொத்தான்கள், பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கலாம். மெமரி கார்டு போட இடம் இருந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் பத்து மணி நேரம் ஓடுமாம். போன வருட மாடல், ஆரஞ்சு நிறம் மட்டும்தான் மிச்சம், அதனால் விலையும் அடக்கம்.

"தண்ணி பட்டா?"

"வியர்வை தாங்கும் மேடம். கிணத்துல போட்டா தாங்காது."

அவள் அதைச் சட்டை நுனியில் மாட்டிக்கொண்டு, கடை நடுவிலேயே மூன்று முறை குதித்துப் பார்த்தாள். விழவில்லை. பணம் கொடுக்கும் நேரத்தில் மறுபடி கேட்டாள். "இதுல கால் எதுவும் வராதே?"

"நீங்க கெஞ்சிக் கூப்பிட்டாலும் வராது மேடம்."

சின்னவனே பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தான். ஏழு பாட்டு, மொத்தம் அரை மணி நேரம். மூன்றாவது முடியும்போது பள்ளி மைதானத்தில் இருக்க வேண்டும், ஐந்தாவது முடியும்போது திரும்ப வேண்டும், ஏழாவது முடியும்போது வீட்டு வாசல். கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். இருவருக்கும் அவர் 'டிரைவர் மாமா'. அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, மேலே ஏதாவது சத்தம் கேட்டால் ஏறிப் பார்க்கச் சொன்னாள். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று இரண்டு தடவை ஒப்பித்தாள். "நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். நீ போ," என்றார்.

முதல் நாள் இரண்டாவது பாட்டிலேயே திரும்பி ஓடி வந்தாள். சின்னவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் நாலாவது பாட்டு வரை தாக்குப்பிடித்தாள். மூன்றாம் நாள் ஏழும் முடிந்தது. வாசலில் நின்று மூச்சு வாங்கியபோது, நெஞ்சில் பயம் இல்லாமல் வெறும் களைப்பு மட்டும் இருந்தது. எத்தனையோ வருடமாகத் தெரியாத சுகம் அது.

நாலாம் நாள், மைதானத்தின் மூன்றாவது சுற்றில் ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் சிவப்பு வெளிச்சம் சுழன்று மறைந்தது. காதை அடைத்திருந்ததால் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஆம்புலன்ஸ் மைதானத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இடது பக்கம் வளைந்தது. அந்த வளைவுக்குப் பிறகு இருப்பது ஒரே தெரு. அவள் தெரு.

ஓடினாள். காதிலிருந்து கழன்ற ஒயர் கழுத்தில் அடித்துக்கொண்டே வந்தது. அந்தத் தெருவில் நாற்பது வீடு இருக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால் கேட்கவில்லை, பறந்தது. கை தன்னையறியாமல் பையைத் தடவியது. கைபேசி இல்லை. அடுத்தவர்களிடம் ஆயிரம் தடவை கேட்ட கேள்விகள் இப்போது அவளைத் துரத்தின. மூச்சு இருக்கா? எத்தனை நிமிஷம் ஆச்சு? பக்கத்துல யாராவது இருக்காங்களா?

வண்டி அவர்கள் கட்டடத்தின் முன்தான் நின்றிருந்தது. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

மாடிப்படியில் மூன்று பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வழி விடுங்க. எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். அந்த நிலையிலும் குரல் நிதானமாகத்தான் வந்தது. உள்ளே முழந்தாளிட்டிருந்த ஆம்புலன்ஸ் உதவியாளர் வெடுக்கென்று நிமிர்ந்தார். அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. குரலைத் தினமும் கேட்பவர். "கன்ட்ரோல் மேடமா?" என்றவர், அவள் கேட்கும் முன்பே சொன்னார். "அடங்கிடுச்சு மேடம். மொத்தம் ஆறு நிமிஷம். மூச்சு நல்லா இருக்கு."

சின்னவன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். தலைக்கடியில் மடித்த துண்டு. உதட்டோரம் கொஞ்சம் ரத்தம். டிரைவர் மாமா அவன் கால்மாட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "தொப்புன்னு சத்தம் கேட்டுச்சும்மா. ஏறி வந்து போன் பண்ணினேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு ஒவ்வொண்ணா சொல்லிச்சு, நான் செஞ்சேன். அப்புறம் உன் போன்தான் மேசை மேல விடாம அடிச்சிக்கிட்டே இருந்துச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு அழைப்புகள். எல்லாம் கட்டுப்பாட்டு அறையில் பக்கத்து இருக்கையில் உட்காரும் தோழியிடமிருந்து. மாமா சொன்ன முகவரியைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்திருக்கும்.

அன்று முழுக்க ஆஸ்பத்திரி. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அந்த ஆரஞ்சுப் பெட்டியை அலமாரி மேல் வீசினாள்.

"முடிஞ்சுது. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்."

சின்னவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். நாக்கைக் கடித்ததால் பேச்சு குழறியது. "நீ வீட்டுல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஒருக்களிச்சுப் போட்டிருப்ப. நேரம் பார்த்திருப்ப. போன் பண்ணியிருப்ப. மாமா அதைத்தானே பண்ணினார்?"

"கண்ணு முழிச்சப்ப நான் இல்லயேடா!"

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினான். "ஆமா. பயமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே, "இன்னொண்ணு சொல்றேன், அடிக்காத. ரெண்டு நாளா நான் சரியா தூங்கல. படத்தை முடிச்சுக் கொடுக்கணும்னு, நீ படுத்த பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். "உன் அக்கா ஓடப்போன அரை மணி நேரத்தாலதான் உனக்கு வந்துச்சுன்னு காலைலேர்ந்து வெந்துக்கிட்டிருக்கேன்! இதை இப்பதான் சொல்லுவியா?" என்று கத்தினாள். குரல் உடைந்தது, நடுங்கியது. கீழ்வீடு வரை கேட்டிருக்கும். சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். கத்தி ஓய்ந்ததும் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவன் நீண்ட காலை மடக்கி இடம் விட்டான்.

"நீ என்னைக் காவல் காக்கிற வரைக்கும் நான் உன்கிட்ட எதையாவது மறைச்சிட்டுதான் இருப்பேன்க்கா. திருட்டுத்தனமா முழிப்பேன். நீ கொஞ்சம் வெளிய போ. நான் ஒழுங்கா தூங்கறேன்."

ஒன்பது நாள் அவள் ஓடப் போகவில்லை.

பத்தாவது நாள் காலையில் டிரைவர் மாமா செய்தித்தாளோடு மேலே வந்து, யாரும் கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க வீட்டுலதான் காத்து நல்லா வருது. நான் இங்கயே படிச்சிட்டிருக்கேன்," என்றார். அவள் அவரைப் பார்த்தாள். சின்னவனைப் பார்த்தாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேல் கையை விட்டுத் துழாவினாள்.

அன்று ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்தபடியே ஓடினாள். அடுத்த வாரம் அது கொஞ்சம் குறைந்தது. சின்னவனுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். பதினோரு மணிக்கு மேல் கணினியைத் தொடுவதில்லை என்று அவனாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டான். பெரும்பாலும் அதன்படி நடந்தான். மூன்று மாதம் கழித்து அவள் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னும் இறங்கணும்," என்றார் டாக்டர். ஓடிவிட்டு வருகிற நாட்களில், வீட்டு வாசலுக்கு இருபது அடி முன்னால் அவள் கண் இன்னமும் ஆம்புலன்ஸைத் தேடுகிறது. அது போகவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுகிறாள்.