இன்னும் காலுக்கு வரலை

திருமானூர் வளர்மதிக்கு இடது கால் எரியத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஓட்டிவந்த குட்டியானை சரக்கு வண்டியைக் கீழப்பழுவூர் பக்கம் ஒரு லாரி இடித்துத் தள்ளியதில் முதுகில் அடி. ஆபரேஷன் செய்தார்கள்; தையல் ஆறியது, எரிச்சல் மட்டும் போகவில்லை. இடுப்பிலிருந்து குதிகால் வரை தணலில் வைத்த மாதிரி இருக்கும். போர்வை பட்டால்கூடப் பொறுக்காது.

ஸ்கேன் பார்த்தவர்கள் எல்லாரும் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். சோறு பொங்கி, தண்ணீர் தூக்கி அவளைத் தாங்கிய புருஷன் மதுரைவீரனும் ஒருநாள் சலித்துப்போய்ச் சொல்லிவிட்டான்: "படத்துல ஒண்ணுமில்லங்கிறாங்க. நீயா நெனச்சுக்கிறியோ என்னவோ."

அன்றிலிருந்து அவனிடம் அவள் வலியைப் பற்றிப் பேசவேயில்லை. தானே விசாரித்து, தானே பஸ் ஏறி, பெரம்பலூரில் வலி வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஃபஹ்மிதாவிடம் போனாள். தண்டுவடத்துக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, லேசாக மின்சாரம் விட்டு வலியை அமுக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். முதலில் ஒரு வாரம் சோதனை.

"கேக்கலன்னா?"

"கம்பிய உருவிடுவேன்."

"அப்ப வைங்க."

குப்புறப் படுக்கவைத்து முதுகை மரத்துப்போகச் செய்தார்கள். மேலே எக்ஸ்ரே கருவி வளைந்து நின்றது. டாக்டர் திரையைப் பார்த்தபடியே நீளமான ஊசியை எலும்பு இடுக்கில் இறக்கி, அதன் வழியே கம்பியை மேலே செலுத்தினார். வளர்மதி முழித்திருந்தாள். மின்சாரம் எங்கே தெரிகிறதென்று அவள்தான் சொல்ல வேண்டும்.

"இப்ப எங்க தெரியுது?"

"வலது தொடையில. எறும்பு ஊர்ற மாதிரி."

கம்பி நகர்ந்தது. "இப்ப?"

"இடுப்புல. இன்னும் காலுக்கு வரலை."

இன்னும் நாலைந்து தடவை நகர்த்தியும் அதே பதில்தான். கருவிக் கம்பெனியிலிருந்து வந்திருந்த வேணுகோபால் திரையைக் காட்டினார். "கரெக்டா நடுவுல நிக்குது மேடம். இது போதும். போகப்போகச் சரியாயிடும்."

வளர்மதிக்குத் தோள் கடுத்தது. முகத்துக்கு அடியில் துணி நனைந்திருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்துவிடலாம். அவள் சொல்லவில்லை.

"படம் நடுவுலதான் காட்டும் சார், நான் இல்லங்கல. எரியறது என் இடது காலு. அங்க ஒண்ணும் வரல. வராததை வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அவங்க சொல்றதுதான் கணக்கு, வேணுகோபால்" என்றார் டாக்டர். "சில பேருக்கு எலும்போட நடுவும் நரம்போட நடுவும் ஒண்ணா இருக்காது. வளர்மதி, திரும்ப வேற இடத்துல குத்தணும். தாங்குவீங்களா?"

"நாலு வருஷமாத் தாங்குறேன். குத்துங்க."

இரண்டாவது ஊசி இறங்கியது. கம்பி இந்த முறை இடது பக்கம் சாய்ந்து ஏறியது. தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"குதிகால்! வந்துடுச்சு டாக்டர்!" அறை முழுக்கக் கேட்டது அவள் குரல்.

கம்பியின் வெளிமுனையை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டி, இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். ஏழாம் நாள் மதுரைவீரனும் கூட வந்தான்.

"எவ்வளவு கொறஞ்சிருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"முழுசாப் போயிடுச்சுங்க" என்று அவன் முந்திக்கொண்டான். "நேத்து கடைத்தெரு வரைக்கும் நடந்தா."

"இல்லங்க டாக்டர்" என்றாள் வளர்மதி. "நூத்துக்கு அறுவது போயிருக்கு. சுண்டுவிரல் இன்னும் எரியுது. அப்படியே எழுதுங்க."

டாக்டர் அப்படியே எழுதினார். மதுரைவீரன் தலையைக் குனிந்து அவள் காலைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் எரியுது?" என்று மெல்லக் கேட்டான். நாலு வருஷத்தில் இதை அவன் கேட்டதேயில்லை.

அவள் செருப்பைக் கழற்றி விரலின் வெளி ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நிரந்தரமா வைக்கத் தேதி குறிங்க. அன்னைக்கும் எனக்கு முழிப்பு இருக்கணும். எங்க தெரியுதுன்னு நான்தான் சொல்லுவேன்."